டீச்சரின் ஸ்பீக்கர்கள் எங்கள் வீட்டில் இருந்த மாதம்

சரக்கு ஏற்றும் பெட்டி ஓட்டோ பின்பக்கமாக எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது, பார்த்தவர்கள் எல்லோரும் ஃப்ரிட்ஜ் வருகிறது என்றுதான் நினைத்தார்கள். தார்ப்பாயை விலக்கியதும் இரண்டு நின்றன. மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரை நாங்கள் இக்கா என்று கூப்பிடுவோம். அவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு ஃப்ரிட்ஜா? மீன் கச்சவடம் தொடங்கப் போறியாடா மோனே?"

"ஃப்ரிட்ஜ் இல்லை இக்கா, ஸ்பீக்கர்."

"எந்த அம்பலத்து உற்சவத்துக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

இக்கா கம்பியிலிருந்து கையை எடுத்துச் சுவரைத் தடவினார். பிறகு, "என் வீட்டுச் சுவருக்கு என்னைவிட வயசு கூடுதல். அதை மறந்துடாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். தேக்குப் பலகைப் பெட்டி. நடுவில் முறம் அளவுக்கு ஒரு கறுப்புக் கோன், அதன்மேல் சின்னதாக இரண்டு. கலூரில் அவற்றை ஓட்டோவில் ஏற்ற நாங்கள் ஐந்து பேர், பெட்ஷீட்டை அடியில் கொடுத்து, அரை மணி நேரம் போராடியிருந்தோம். அப்பா மட்டாஞ்சேரி குடோன்களில் சுமை தூக்குகிறவர். அவர் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"எத்தனை கிலோடா இது?"

"அம்பத்தஞ்சு இருக்கும்ப்பா."

"அம்பத்தஞ்சுக்கா அஞ்சு பேரு? ஏண்டா, உங்க கூட்டத்துல யாருக்கும் கழுத்தே கிடையாதா?"

தலைத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, "ஏத்துங்கடா" என்றார். ஓட்டோக்காரரும் நானும் தூக்கிக் கொடுக்க, தேக்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக நடந்தார். நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். விழுந்தால் பிடிப்பதற்காம். விழுந்திருந்தால் நானும் அதன் அடியில்தான் கிடந்திருப்பேன்.

அவை என்னுடையவை அல்ல, அப்போது. ஒரு மாதத்துக்கு மட்டும் வந்தவை. என்னுடையவை ஆகுமா ஆகாதா என்பது அந்த மாதக் கடைசியில் தெரியும். அதனால் அந்த ஒரு மாதமும் நான் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரிதான் இருந்தேன்.

அவற்றின் சொந்தக்காரர் ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து திருப்பூணித்துறைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். முப்பது வருடத்துக்கு முன்னால், ஒரு ஆசாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே கணக்குப் போட்டுச் செய்த பெட்டிகள் இவை. இப்போது மகளுடைய ஃபிளாட்டுக்குக் குடிபோகிறார். அங்கே சோபா போட்டால் ஆள் நிற்க இடமில்லை.

"என் ஆத்துக்காரருக்கு சந்தோஷம் தாங்கலை" என்றார் டீச்சர். "இது ரெண்டும் அவருக்கு ரெண்டு மாமியார் மாதிரியாக்கும். முப்பது வருஷமா கூடத்துல நின்னுண்டு அவரையே பார்த்துண்டு இருக்கு."

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்கிற ஏழெட்டுப் பேர் நாங்கள். மற்றவர்கள் எல்லாம் நல்ல கருவிகள் வைத்திருப்பவர்கள். என்னிடம் இருந்தது சால்டரிங் அயர்ன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் போன முதல் ஆள் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் போன முதல் ஆளே நான்தான். யாருடைய ஆம்ப்ளிஃபயராவது படுத்துவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் உள்ளே போனேன். பிறகு வெளியே வரவில்லை.

டீச்சரின் ஸ்பீக்கர்களை எங்களில் இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டோம். ஒருவர் கலூரில் இருக்கும் டாக்டர். இன்னொருவன் நான். டீச்சர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இது விக்கறதுக்கு இல்லை, கேட்டேளோ. எந்த ஆத்துல நன்னா பாடறதோ அங்கே இருக்கட்டும். ஆளுக்கு ஒரு மாசம் வெச்சுக்கோங்கோ. மாசக் கடைசியில நான் வந்து கேப்பேன்."

கேட்பதற்கு அவரே ஒரு பதிவு வைத்திருந்தார். இருபது வருடத்துக்கு முன்னால் கோயில் உற்சவத்தில், கூட்டத்துக்கு நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பதிவு செய்த பஞ்சவாத்தியம். அதை அன்றைக்கு அவரே கையோடு கொண்டுவருவார், முன்கூட்டித் தரமாட்டார்.

"இதுக்குள்ள ஒரு சமாசாரம் இருக்கு. என் கூடத்துல எனக்கு அது கேக்கும். உங்காத்துல கேட்டா நீங்க பாஸ். என்னதுன்னு சொல்லமாட்டேன்."

முதல் மாதம் டாக்டருடையது. அவர் வீட்டு ஹாலில் எங்கள் வீட்டையும் இக்காவின் மாடியையும் சேர்த்து வைத்துவிட்டு நடுவில் பேட்மின்டன் ஆடலாம். வழவழப்பான தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மாதக் கடைசியில் டீச்சர் அங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். நாங்களும் கேட்டோம். அருமையாக இருந்தது. டீச்சர் கண்ணைத் திறந்து, "கிட்டத்தட்ட" என்றார்.

"கிட்டத்தட்ட எந்நு வெச்சால் பாஸா டீச்சர்?" என்று டாக்டர் கேட்டார். அவர் மலையாளி, எங்களோடு பேசும்போது இரண்டையும் கலந்துதான் பேசுவார்.

"ரெண்டாவது பேப்பரையும் திருத்திட்டுச் சொல்றேன்."

அன்று டாக்டரின் மனைவி ஒரு கிளாஸ் சாயாவை நீட்டியபடி, அப்பா என்ன செய்கிறார் என்று என்னிடம் கேட்டார். "ஸ்பைஸஸ் லைனில் இருக்கிறார்" என்றேன். அது பொய் இல்லைதான். ஆனால் அவர் மரியாதையோடு தலையாட்டி, "எக்ஸ்போர்ட்டா?" என்று கேட்டபோது நான் சாயாவை ஊதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாதம் என்னுடையது.

எங்கள் ஹால் பத்தடிக்குப் பதினாலு. அதற்குள் ஒரு கட்டில், ஒரு பீரோ, பிறகு சாக்கு. அம்மா சாக்கு தைக்கிறாள். மிளகும் சுக்கும் கொட்டிவிட்டுக் கிழிந்துபோன சாக்குகள் குடோன்களிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா அவற்றை உதறி, தரம் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, இருபத்தைந்து சாக்கை ஒரு கட்டாகக் கட்டி அடுக்குவாள். பின்சுவர் முழுக்க, இரண்டு மூலையிலும் கூரை வரைக்கும், எப்போதும் நாற்பது கட்டாவது நிற்கும். சின்ன வயதில் சாக்கின்மேல் அச்சடித்த எழுத்துகளை நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொல்வேன். என் ஆங்கிலத்தில் பாதி அங்கே கற்றது. எங்கள் வீட்டுக்குள் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வாசலைத் தாண்டியதும் ஒரு தும்மல் போடுவார்கள். நாங்கள் மூன்று பேரும் தும்மி நான் பார்த்ததில்லை.

அதற்குள் இந்த இரண்டு பெட்டிகள். முதல் வாரம் கதவு முழுசாகத் திறக்கவில்லை. அம்மா கட்டிலுக்குப் போக ஒருக்களித்துத்தான் நடந்தாள். "பெரியவனே, கொஞ்சம் நகரு" என்று ஒன்றிடமும், "சின்னவனே, நீயும்தான்" என்று இன்னொன்றிடமும் சொல்லிக்கொண்டு போவாள். நான் டேப்பை வைத்து அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சுவரிலிருந்து அரை விரல் இப்படி, கால் விரல் அப்படி என்று நகர்த்திக்கொண்டே இருந்தேன். லிஃப்ட் வேலையில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கதவு மூடாது. அந்தப் பழக்கம். பத்து நாளில் தரை முழுக்கக் கோடு.

"கோலம் போடுறவன் புள்ளி வச்சுட்டாச்சும் போடுவான்" என்றாள் அம்மா.

பிறகு ஒருநாள் சரியான இடம் கிடைத்தது. எப்படிச் சொல்வது? ஸ்பீக்கர்கள் காணாமல் போய்விட்டன. பாடுகிறவர் பீரோவுக்கு முன்னால் நின்றார். மிருதங்கம் கட்டிலின் கால்மாட்டில். அடி விழுந்தது, நின்றது. மிச்சம் எதுவும் அறையில் தங்கவில்லை.

அப்பாவுக்குப் பாட்டைவிடச் செய்தி கேட்பதில்தான் ஆசை. ஒரு காலையில் வானொலியைச் சேர்த்துக் கொடுத்தேன். செய்தி வாசிக்கிறவர் "வணக்கம்" என்றதும், அப்பா சட்டென்று எழுந்து மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் ஊசியைக் கீழே போட்டுவிட்டு அரை மணி நேரம் தேடினாள்.

"சிரிக்காதடி. அந்த ஆளு இங்கதான் நிக்கிறாரு. மரியாதை வேண்டாமா?"

வேலை முடிந்து வந்தால் அவர் தரையில் உட்கார்ந்து பெரியவன்மேல் முதுகைச் சாய்த்துக்கொள்வார். "அந்த மிருதங்கக் கச்சேரியைப் போடுடா" என்பார். அடி விழும்போது பலகை அதிரும். முப்பது வருடச் சுமை ஏறிய முதுகுக்கு அது இதமாக இருந்திருக்கிறது. "தைலம் வேண்டாம் இனிமே" என்று அம்மாவிடம் சொன்னார். டாக்டர் வீட்டுக்கு இதைக் கொடுக்க வேண்டிவந்தால் அப்பாவிடம் எப்படிச் சொல்வேன் என்ற கவலை அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது. அதுவரை அது என் பரீட்சை மட்டும்தான்.

டீச்சர் வரும் ஞாயிறு நெருங்கியது. டாக்டர்தான் அவரைத் தன் காரில் கூட்டிவருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலை வீட்டை ஒருமுறை வெளியாள் கண்ணால் பார்த்தேன். என் கண்ணில் பட்டது சாக்கு மட்டும்தான்.

"அம்மா, இந்தச் சாக்கையெல்லாம் எங்கயாச்சும் மாத்தணும். ஒரு நாளைக்கு."

"ஏன், டீச்சருக்குச் சாக்கு ஆகாதா?"

"பாட்டு கேக்க வர்றாங்க. இடம் நல்லா இருக்கணும்ல."

அம்மா ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அந்த டாக்டர் வீட்டுல என்ன வச்சிருந்தாங்க?"

"ஒண்ணும் இல்ல. சும்மா வெறுசா, பெரிசா இருந்துச்சு."

"அப்ப நம்மளும் வெறுசாக்கிடுவோம். பெரிசாக்கத்தான் முடியாது."

அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் உற்சாகமாகிவிட்டாள். அந்தச் சுவரின் அடிப்பாகத்தைக் கழுவி எத்தனையோ நாளாயிற்றாம். சந்தின் முனையில் இக்காவின் காலி ஷெட் இருந்தது, சாவி கேட்டோம். சனிக்கிழமை அப்பாவும் கூட்டாளிகள் இரண்டு பேரும் நாற்பது கட்டையும் அங்கே கொண்டுபோய் அடுக்கினார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தமாட்டார்கள், காலி செய்வார்கள். சாக்கு போனதும் அம்மா மெத்தையை வெயிலுக்கு மாடியில் ஏற்றினாள். திரைச்சீலையைத் துவைத்துப் போட்டாள். கட்டிலைப் பின்கட்டுக்குத் தள்ளினாள். தலையணை, கம்பளி, பழைய துணி மூட்டை எல்லாம் போயின. அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். என் சாக்பீஸ் கோடுகளையும் அம்மா கழுவிவிட்டாள். அளவு நோட்டில் இருந்ததால் நான் பதறவில்லை.

ஞாயிறு காலை கரண்ட் இல்லை. பத்தரைக்கு வந்தது. நோட்டைப் பார்த்து ஸ்பீக்கர்களை மில்லிமீட்டர் பிசகாமல் நிறுத்தி, வயரை மாட்டி நிமிரும்போது சந்தில் டீச்சரின் குரல் கேட்டது. ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அளவுதான் இருக்கிறதே.

டீச்சர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "நன்னா வெளிச்சமா இருக்கு" என்றார். சொல்லிவிட்டுத் தன் குரலையே கேட்பவர்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அம்மா சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் இரண்டு பழம்பொரி சாப்பிட்டுவிட்டு, "ரெடி?" என்றார்.

பதிவைப் போட்டேன். மத்தளத்தின் முதல் அடி விழுந்தது. விழுந்தது, போகவில்லை. அடுத்த அடி வந்தபோதும் முந்தினது அங்கேயே நின்றது, பஸ்ஸில் இறங்க வேண்டியவர்களும் ஏற வேண்டியவர்களும் ஒரே வாசலில் நிற்பதைப் போல. இடக்கை மேளத்தின் குரல் சுவரில் பட்டுத் தெறித்தது. கொம்பு ஊதியபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மாடியில் இக்கா எதையோ நகர்த்திவைக்கும் சத்தம் கேட்டது.

டீச்சர் கண்ணைத் திறந்தார். "அண்டாக்குள்ள உக்காந்துண்டு கேக்கறாப்ல இருக்கே."

"ஒரு நிமிஷம் டீச்சர்."

வயரைப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். பெரியவனை ஒரு சாண் முன்னால் இழுத்தேன், மோசமானது. பின்னால் தள்ளினேன், அதைவிட மோசம். அப்பா வந்து ஒரு பக்கம் பிடித்தார். நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லா அளவும் சரி, சத்தம் மட்டும் வேறு யாருடைய வீட்டுச் சத்தமோ. இருபது நிமிடம் போயிற்று. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு ஃபிளாட்டின் சாவி வாங்கப் போக வேண்டும் என்று வரும்போதே சொல்லியிருந்தார்.

"சரி மோனே. நீ நன்னாத்தான் ட்ரை பண்ணினே. ஒவ்வொரு ஆத்துச் சத்தமும் ஒவ்வொரு மாதிரி. அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது."

டாக்டரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெயித்தவர் அவர்தான், ஆனால் அவர்தான் கூச்சப்பட்டார். "ஞான் போய் வண்டியைத் திருப்பறேன்" என்று செருப்பைத் தேடினார். அப்பா பெரியவன்மேல் கையை வைத்தபடி நின்றார்.

அப்போது அடுக்களை வாசலிலிருந்து அம்மா அப்பாவிடம் சொன்னாள், மெதுவாகத்தான், ஆனால் அன்று அந்த வீட்டில் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இன்னைக்கு எல்லாமே ரொம்பக் கேக்குதுங்க. டம்ளரை வச்சா நாலு டம்ளர் வச்ச மாதிரி. சாக்கு நடுவுல உக்காந்திருந்தா மீன்காரன் வாசல்ல நின்னு கூவினாலும் எனக்குக் காதுல ஏறாது."

"காலி குடோன்ல ஒருத்தன் தும்மினா மூணு தும்மல் கேக்கும்" என்றார் அப்பா. "சரக்கு ஏறிட்டா தும்மினவனுக்கே கேக்காது. வீட்டைக் காலி குடோன் ஆக்கிட்டோம், வேறென்ன."

எனக்குக் காது சூடேறியது. அறையின் மூலையில் கனமான, மெத்தென்ற பொருளை அடுக்கினால் தாழ்ந்த சத்தத்தின் எதிரொலி அடங்கும் என்று முந்தின மாதம்தான் எங்கள் கூட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். அதற்காக வெளிநாட்டிலிருந்து வரும் பலகைகளின் படங்களைக் காட்டியிருந்தேன். என் வீட்டில் அது கூரை வரைக்கும் நின்றிருக்கிறது. நான் அளவு நோட்டைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எந்தச் சாக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அம்மா சாக்கு தைக்கிறாங்க டீச்சர். இந்தச் சுவர் முழுக்க நாப்பது கட்டு இருந்துச்சு. நேத்து நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க வர்றீங்கன்னு."

டீச்சர் என்னையே பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்த பார்வை. "பரீட்சைக்கு வரச்சே, படிச்சதை எல்லாம் ஆத்துலேயே வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்கே, இல்லையா?" என்றார். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டிருந்த டாக்டரிடம் திரும்பினார். "வண்டி அங்கேயே நிக்கட்டும். சாவி எங்கேயும் ஓடிப்போகாது. சாக்கை எடுத்துண்டு வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் கூட்டாளிகள் யாரும் இல்லை. அப்பா, நான், டாக்டர். இக்கா மாடியிலிருந்து சாவியைக் கீழே போட்டுவிட்டு, "பொன்னு டாக்டரே, இடுப்பு பிடிச்சுக்கும், பார்த்து, சூட்சிச்சோ" என்று அங்கிருந்தே மேற்பார்வை பார்த்தார். டாக்டர் ஒரு கட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கப் பார்த்தார். கட்டின் மிளகுத்தூள் முழுக்க அவர் மூக்குக்கு வந்தது. நான் எண்ணினேன், பதினொரு தும்மல். அப்பா தன் துண்டைச் சுருட்டி அவர் தலையில் சும்மாடு வைத்துக் கொடுத்தார்.

"கழுத்தை விறைப்பா வச்சுக்கணும் டாக்டரே. கண்ணு தூரத்துல பார்க்கணும். கீழ பார்த்தா போச்சு."

டாக்டர் தூரத்தில் பார்த்தபடி சந்தில் நடந்து வந்தார். வாசலில் கட்டை இறக்கியதும் மூச்சு வாங்க அப்பாவிடம் கேட்டார். "அல்ல, அச்சன் ஸ்பைஸஸ் லைன் எந்நல்லே இவன் சொன்னது?"

எனக்கு அந்த நிமிடம் அந்தச் சாக்குக் கட்டுக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது. அப்பா யோசிக்கவே இல்லை.

"ஆமா டாக்டரே. முப்பது வருஷமா ஸ்பைஸஸ் என் தலைமேலதான்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் இன்னும் இரண்டு தும்மல் வந்தது. என் முதுகில் ஒரு அடி வைத்தார். வலித்தது. அவ்வளவுதான், அந்த விஷயம் அங்கே முடிந்தது.

உள்ளே வேறொரு சண்டை. டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடு ஹாலில் நின்றார். "மூலையில மொதல்ல அடுக்குங்கோ. கூரை வரைக்கும். அப்பறம் பின்சுவர்."

"ஐயோ டீச்சர், அது மிளகுச் சாக்கு. இது சுக்கு. கலந்துடாதீங்க" என்று அம்மா குறுக்கே வந்தாள்.

"சத்தத்துக்கு மிளகென்ன, சுக்கென்ன?"

"சத்தத்துக்கு இல்ல. நாளைக்குக் குடோன்ல கொடுக்கணுமே. கலந்தா என்னைய ஏசுவாங்க."

கடைசியில் இடது மூலை மிளகு, வலது மூலை சுக்கு என்று ஒப்பந்தமாயிற்று. புதுச் சுண்ணாம்பு சாக்கிலெல்லாம் அப்பியது. முப்பத்திரண்டு கட்டு வந்தபோது டீச்சர் கையைத் தட்டினார், ஒரே ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"இன்னும் நாலு."

நான்கு வந்தன. மறுபடி ஒரு தட்டு. "போரும். போடு."

ஸ்பீக்கர்களை நோட்டில் உள்ள அளவுக்குத் திரும்ப நிறுத்தினேன். அப்பா வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து பெரியவன்மேல் சாய்ந்துகொண்டார். விருந்தாளி இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார். டாக்டர் ஒரு சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

மத்தளம் விழுந்தது. நின்றது. அடிக்கும் அடிக்கும் நடுவில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. இடக்கை இடது பக்கம் இரண்டாள் தள்ளி. கொம்புகள் பின்னால், வரிசையாக. கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தை சிணுங்கியது. தாளத்தின் காலம் மாறுவதற்கு முன்னால் எல்லா வாத்தியமும் ஒரு கணம் ஓய்கிற இடம் வந்தது. டாக்டர் வீட்டிலும் அந்த இடத்தைக் கேட்டிருக்கிறேன். அங்கே மத்தளச் சத்தத்தின் வால் அதை மூடியிருந்தது. இங்கே மூடவில்லை. மைக்குக்கு மிக அருகில், ஒரு ஆணின் தாழ்ந்த, சலித்துப்போன குரல் கேட்டது.

"போலாமோ?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்காத்துக்காரராக்கும். அன்னிக்கு உற்சவத்துல மூணு மணி நேரம் என் பக்கத்துலயே நின்னுண்டிருந்தார். பஞ்சவாத்தியம்னா அவருக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் வந்தார். ஒரே ஒரு தரம்தான் கேட்டார், அதுவும் அத்தனை வாத்தியமும் நின்னப்போ, இத்தனை கரெக்டா."

"என்டெ வீட்டில் இது கேட்டதே இல்லையே!" என்றார் டாக்டர்.

"உங்காத்துல 'போ'ன்னு மட்டும் கேட்டது டாக்டர். அதனாலதான் கிட்டத்தட்டன்னு சொன்னேன்."

தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்து உதறினார். மிளகுத்தூள் பறந்தது, அவரும் தும்மினார். பெரியவனையும் சின்னவனையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்க எழுந்துக்காதேங்கோ" என்றார்.

அப்பா எழுந்திருக்கவே முயற்சி செய்யவில்லை என்பதை நான் பார்த்தேன்.

அது நடந்து ஒரு வருடமாகிறது. இப்போதும் அம்மா கட்டிலுக்கு ஒருக்களித்துத்தான் போகிறாள். சாக்கு நிலையாக நிற்கிற பொருள் அல்ல. மிளகு சீசனில் கட்டுகள் குடோனுக்குப் போய்விடும், வீடு கொஞ்சம் அண்டாவாகும். மழைக்காலத்தில் குவிந்துவிடும், பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவார். அதற்கேற்றபடி நான் நகர்த்திக்கொள்வேன். நோட்டில் இப்போது அளவுக்குப் பக்கத்தில் எத்தனை கட்டு என்றும் எழுதுகிறேன். டாக்டர் தன் ஹாலுக்குப் பத்துக் கட்டு வேண்டும் என்று வந்தார். அவர் மனைவி சாக்கைக் கூடத்தில் வைக்கக்கூடாது என்றதால், அம்மா அவற்றை வெள்ளைத் துணியில் பொதிந்து உறைபோலத் தைத்துக் கொடுத்தாள். கலூரில் இப்போது விருந்தாளிகள் அவற்றை வெளிநாட்டுப் பலகை என்று நினைக்கிறார்களாம். தும்மல் வரும்வரைக்கும்.

போன மாதம் டீச்சர் தன் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வருடத்தில் அவர் அந்த ஸ்பீக்கர்களுக்கு எதிரில் விரும்பி உட்கார்ந்தது அதுதான் முதல் முறையாம். தான் பேசியது அதற்குள் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது, டீச்சர் சொன்னதில்லை. சுக்குச் சாக்குக் கட்டின்மேல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பதிவைப் போட்டேன். அந்த இடம் வந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய அவர் குரல் எங்கள் ஹாலின் நடுவில் "போலாமோ?" என்றது.

பெரியவர் நிமிர்ந்தார். டீச்சரைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலை."

"ரெக்கார்ட் ஆயிண்டிருந்தது. எப்படிச் சொல்றது?"

"இப்போ ஆகலையே" என்றார் அவர். "போலாமோ?"

டீச்சர் என்னைப் பார்த்து விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நான் பதிவை முதலிலிருந்து திரும்பப் போட்டேன். பெரியவர் பெருமூச்சு விட்டபடி, அம்மா நீட்டிய சாயாவை வாங்கிக்கொண்டார்.